பிரஷருக்காக நடக்கிறேன்

எச்.ஐ.வி.யோடும் ரத்தக்கொதிப்போடும் வாழும் மூத்த பெண்களை உடற்பயிற்சிக்கு அழைத்துவருவது எப்படி

எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து வழங்கும் ஏ.ஆர்.டி. மையத்தில் ஆலோசகராக இருப்பவர்களுக்கும், பாசிட்டிவ் பெண்கள் கூட்டமைப்புகளில் களப்பணி செய்பவர்களுக்கும் இந்த அத்தியாயம். ஐம்பது வயதைத் தாண்டி, கூட்டு மருந்தோடு பிரஷர் மாத்திரையும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணை எப்படி நடக்கவைப்பது, அவர் உடம்பு தாங்கும் பயிற்சி எது, எந்த நேரத்தில் நிறுத்திவிட வேண்டும் என்பதை இதில் பார்க்கலாம். விவரம் தெரிந்த மகளோ மருமகளோ வீட்டில் இருந்தால் அவர்களும் படிக்கலாம்.

இந்தப் பெண்கள் யார் என்பதை மனதில் வைத்துக்கொண்டுதான் பேச்சைத் தொடங்க வேண்டும். 1986இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவரிடம் ஆய்வு மாணவியாக இருந்த நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தார்கள். அதையடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில், கட்டிய கணவரிடமிருந்து தொற்று வந்து, அவரையும் பறிகொடுத்து, கைக்குழந்தையோடு நின்ற பெண்கள் தமிழ்நாட்டில் ஏராளம். லாரித் தொழில் நிறைந்த நாமக்கல் பக்கம் போனால் தெருவுக்குத் தெரு அந்தக் கதையைக் கேட்கலாம். 2004 ஏப்ரலில்தான் தாம்பரம் சானடோரியம் மருத்துவமனை உட்பட நாட்டின் சில மையங்களில் கூட்டு மருந்தை அரசு இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. அதுவரை தாக்குப்பிடித்தவர்கள் பிழைத்துக்கொண்டார்கள். அன்று முப்பதுகளில் இருந்தவர்களுக்கு இன்று ஐம்பதும் அறுபதும் ஆகிறது.

தங்களுக்கு முதுமை என்று ஒன்று வரும் என அவர்கள் அன்று எண்ணவில்லை. மருத்துவர்களும் அதற்கென்று திட்டமிடவில்லை. அதனால் மூட்டுவலி, மூச்சிரைப்பு, பிரஷர் எல்லாவற்றையும் எச்.ஐ.வி.யின் கணக்கிலேயே எழுதிவிட்டு, "இத்தனை நாள் இருந்ததே பெருசு, இனி எதுக்கு?" என்று உட்கார்ந்துவிடுகிறார்கள். நம் வேலை அந்தக் கேள்வியிலிருந்து தொடங்குகிறது.

ஏன் இது அவசரம்

மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டு வைரல் லோடு (ரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு) அடங்கியிருந்தாலும், வைரஸ் உடம்பில் இருக்கிறவரை ரத்தக்குழாய்களின் உட்சுவரில் ஒரு மெல்லிய அழற்சி இருந்துகொண்டே இருக்கும். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. மாதவிடாய் நின்றபின் பெண்களுக்கு இயல்பாகவே கூடும் ஆபத்து இதன் மேல் ஏறுகிறது. பிரஷரும் சேர்ந்தால் சொல்ல வேண்டியதில்லை. எச்.ஐ.வி.யைத் தாக்குப்பிடித்த பெண் பக்கவாதத்தில் படுத்துவிடுவதை நம்மில் பலரும் பார்த்திருக்கிறோம். இவற்றில் பெரும்பகுதி தடுக்கக்கூடியது என்பதால்தான் அது அவ்வளவு வலிக்கிறது.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட உடலியக்க வழிகாட்டுதல்களில், நீண்டகால நோய்களோடு வாழ்பவர்களுக்கென்று தனிப் பகுதி வந்தது. அதில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டவை நான்கு: புற்றுநோயிலிருந்து மீண்டோர், ரத்தக்கொதிப்பு, இரண்டாம் வகை நீரிழிவு, எச்.ஐ.வி. நம்முடைய பெண்களிடம் அந்த நான்கில் இரண்டு இருக்கின்றன. "எனக்கெல்லாம் இது ஆகாது" என்று ஒருவர் சொன்னால், "உங்களுக்காகவே எழுதி வச்சிருக்காங்கம்மா" என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லலாம்.

அளவான உடற்பயிற்சியால் நோயெதிர்ப்பு அணுக்களான சி.டி.4 குறையாது, வைரல் லோடு ஏறாது. அப்படி ஆகிவிடும் என்ற பயம் பரவலாக உண்டு. கேட்காவிட்டாலும் நீங்களே எடுத்துச் சொல்லிவிடுங்கள். ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் வாரத்தில் பெரும்பாலான நாட்கள் நடந்துவந்தால், மேல் அளவு சராசரியாக 5 முதல் 8 புள்ளிவரை இறங்குகிறது. ஒரே ஒரு நாள் நடந்தாலும் அடுத்த சில மணி நேரத்துக்கு பிரஷர் கொஞ்சம் தணிந்தே இருக்கும். தூக்கம், மனச்சோர்வு, மலச்சிக்கல் ஆகியவற்றிலும் மாற்றம் தெரியும். என் அனுபவத்தில் பெண்கள் முதலில் கவனித்துச் சொல்வது பிரஷர் எண்ணை அல்ல, ராத்திரித் தூக்கத்தைத்தான்.

எடையைப் பற்றி வாய்திறக்காதீர்கள்

ஆலோசகர்களில் பாதிப் பேர் இங்கேதான் காரியத்தைக் கெடுக்கிறார்கள். இப்போது கொடுக்கப்படும் டோலுடெக்ராவிர் சேர்ந்த மாத்திரையில் எடை கூடுவது உண்டு, அதிலும் பெண்களுக்குக் கூடுதலாக. மையத்தில் எடை பார்த்ததும், "என்னம்மா இவ்வளவு வெயிட் போட்டுட்டீங்க, வாக்கிங் போய்க் குறைங்க" என்று சொல்லிவிடுகிறோம். சொன்னவர் மறந்துவிடுவார். கேட்டவர் வீட்டுக்குப் போய் நடக்கவே மாட்டார்.

காரணம் அவருடைய கடந்தகாலம். தொண்ணூறுகளில் எச்.ஐ.வி. வந்தவரை ஊர் அடையாளம் கண்டது உடம்பு இளைத்ததை வைத்துத்தான். கன்னம் ஒட்டி, கை கால் குச்சியாகி, ரவிக்கை தொளதொளவென்று ஆனதும் அக்கம்பக்கத்தில் பேச்சு கிளம்பியது. பழைய ஸ்டாவுடின் மருந்து முகத்திலும் கைகால்களிலும் இருந்த கொழுப்பைக் கரைத்து, அந்த அடையாளத்தை இன்னும் கூர்மையாக்கியது. இன்று அவர் உடம்பில் இருக்கும் சதை, "எனக்கு ஒன்றுமில்லை" என்று ஊருக்குக் காட்டுகிற சான்று. 'உடம்பு தேறிட்ட' என்று அக்கா தங்கைகள் சொல்லும்போது அவருக்கு வரும் நிம்மதி நமக்குப் புரிய வேண்டும். நடந்தால் இளைப்போம், இளைத்தால் பழைய பேச்சு திரும்பிவரும் என்ற கணக்கு அவர் மனதில் ஓடிக்கொண்டிருக்கும். அதை அவர் வாய்விட்டுச் சொல்லவே மாட்டார். "கால் வலிக்குது" என்றுதான் சொல்வார்.

ஆகவே எடையை விட்டுவிடுங்கள். கால் பலத்தைப் பற்றிப் பேசுங்கள். தரையில் உட்கார்ந்து கையூன்றாமல் எழுவது, பேருந்துப் படியில் தடுமாறாமல் ஏறுவது, பேரக்குழந்தையைத் தூக்குவது ஆகியவை அவருக்கு வேண்டியவை. நடப்பதால் மட்டும் கிடுகிடுவென்று யாரும் இளைத்துவிடுவதில்லை என்ற உண்மையையும் சொல்லுங்கள். இது அவருக்கு நல்ல செய்தி.

ஊருக்குச் சொல்ல ஒரு காரணம்

விதவையான ஒரு பெண் காலையில் தனியாகத் தெருவில் நடந்தால் கேள்வி வரும். எங்கே போகிறாள், யாரைப் பார்க்கப் போகிறாள், இந்த வயதில் என்ன வாக்கிங்? எச்.ஐ.வி. ரகசியத்தைக் காப்பாற்றியே பாதி ஆயுளைக் கழித்தவருக்கு, இன்னொரு கேள்விக்கு இடம் கொடுப்பது பெரிய பாரம். இருபது ஆண்டுகளாக யார் கண்ணிலும் படாமல் இருக்கப் பழகியவரைப் போய், "வெளியே வாங்க" என்று நாம் கூப்பிடுகிறோம்.

இந்த இடத்தில் பிரஷர் நமக்குக் கைகொடுக்கிறது. பிரஷர் யாரிடமும் சொல்லக்கூடிய நோய். தெருவில் நாலு பேருக்கு இருக்கிற நோய். "பிரஷருக்கு டாக்டர் நடக்கச் சொல்லியிருக்காரு" என்றால் அதற்குமேல் ஒருவரும் கேட்க மாட்டார்கள்; "எனக்கும் சொன்னாரு, நானும் வரட்டா?" என்று பக்கத்து வீட்டு அம்மாவே சேர்ந்துகொள்வதும் உண்டு. அவர் சொல்வது பொய்யும் இல்லை. இந்த ஒரு வாக்கியத்தை அவர் வாயால் சொல்லிப் பழகவைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. நான் இந்த அத்தியாயத்தில் சொல்ல வந்தது முக்கியமாக இதைத்தான்: முதலில் ரகசியத்துக்குப் பாதுகாப்பு, பிறகு அவருக்கென்று ஒரு நேரம், அதன் பிறகே பயிற்சி. இந்த வரிசையை மாற்றிப் போட்டால் நிலைக்காது.

உங்கள் பக்கம் கவனிக்க வேண்டியவையும் உண்டு. கூட்டமைப்பின் பெயர் போட்ட பையோடு அவர் வீட்டுக்குப் போகாதீர்கள். நடைக்குழுவுக்கு வாட்ஸ்ஆப் குழு வைத்தால் பெயரில் எதையும் காட்டிக்கொடுக்காதீர்கள். படம் எடுத்துப் பகிரவே வேண்டாம். ஒருவருடைய எச்.ஐ.வி. நிலையை அவர் சம்மதமின்றி வெளியிடுவதை 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் தடைசெய்கிறது. 2018 செப்டம்பர் 10 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. சட்டத்துக்குப் பயந்து செய்ய வேண்டிய காரியம் இல்லை இது. ஆனாலும் சட்டம் தன் பக்கம் இருக்கிறது என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருப்பது தைரியம் தரும்.

முதல் பேச்சு

அறிவுரையோடு தொடங்க வேண்டாம். அவருடைய ஒரு நாளை அவர் வாயாலேயே சொல்லவையுங்கள். கொங்குப் பக்கத்தில் அது ஏறக்குறைய இப்படிப் போகும்:

"காலைல எத்தன மணிக்குங்க்கா எந்திரிப்பீங்க?"

"அஞ்சுக்கெல்லாம் எந்திரிச்சிருவேன் கண்ணு. தண்ணி வர்ற நாளுன்னா நாலரை."

"அப்புறம்?"

"வாசல் தெளிச்சு, டீ வச்சு, பேரனப் பள்ளிக்கூடத்துக்குக் கெளப்பணும். எட்டரை ஆயிரும்."

"அவன் போனதுக்கப்புறம்?"

"செத்த நேரம் உக்காருவேன். காலு எரியும்."

இவ்வளவு பேச்சில் நமக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. எட்டரை மணி அவருக்குச் சொந்தமான நேரம். கால் எரிச்சல் என்பது கவனிக்க வேண்டிய செய்தி. பேரனைப் பள்ளிக்கூடத்துக்கு யார் கொண்டுபோய் விடுகிறார்கள் என்று கேளுங்கள். நடந்து போகும் தூரமென்றால் அந்த வேலையை அவரே எடுத்துக்கொள்ளட்டும். போகவர ஆகும் இருபது நிமிடத்தைப் பற்றி யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

"நான் நடக்காத நடையா, செய்யாத வேலையா" என்று பலர் சொல்வார்கள். அதை மறுக்காதீர்கள். நூறு நாள் வேலைக்குப் போகிறவர், நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவர், ஆடு மேய்க்கிறவர் எல்லாம் ஏற்கெனவே நிறைய அசைகிறார்கள். அதுவும் கணக்கில் சேரும். அவர்களிடம் மேலும் அரை மணி நடக்கச் சொல்வது அநியாயம். அவர்களுக்குக் குறைவது பெரும்பாலும் கால் பலமும் நிலைதடுமாறாமல் நிற்கும் பழக்கமும்தான். அதற்கு வீட்டுக்குள்ளேயே பத்து நிமிடம் போதும். பீடி சுற்றுகிறவர், தையல் மெஷினில் இருப்பவர், பெட்டிக்கடை வைத்திருப்பவர் ஆகியோர் நாள் முழுக்க உழைத்தாலும் உட்கார்ந்தே உழைக்கிறார்கள். நடை இவர்களுக்குத்தான் தேவை. எல்லாருக்கும் ஒரே சீட்டை எழுதிக்கொடுப்பது சோம்பேறித்தனம்.

வெட்கப்பட்டுச் சொல்லாத காரணம் இன்னொன்று இருக்கிறது. நடந்தாலோ இருமினாலோ சிறுநீர் கசிவது. பிரசவங்களுக்குப் பிறகு பல பெண்களுக்கு இருக்கிறது. நீர் பிரியச் செய்யும் பிரஷர் மாத்திரை சாப்பிடுவோருக்கு இன்னும் தொல்லை. நீங்களே மெதுவாகக் கேளுங்கள். அந்த மாத்திரையை நடை முடிந்து வந்து சாப்பிடலாமா என்று மருத்துவரிடம் கேட்கலாம். சிறுநீரை அடக்குவதுபோல அடிவயிற்றுக்குக் கீழுள்ள தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியை உட்கார்ந்த இடத்திலேயே செய்யலாம். சில வாரங்களில் பலன் தெரியும்.

தொடங்கும் முன் பார்க்க வேண்டியவை

பிரஷரைச் சரியாகப் பார்ப்பதே இங்கே அரிதாக இருக்கிறது. பஸ்ஸில் நின்றுகொண்டு வந்து, வரிசையில் காத்திருந்து, மூச்சு வாங்க உட்கார்ந்தவர் கையில் உடனே பட்டையைச் சுற்றிவிடுகிறோம். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்காரட்டும். சிறுநீர் கழித்துவிட்டு வரட்டும். அரை மணிக்குள் காப்பியோ, புகையிலை போட்ட வெற்றிலையோ வேண்டாம். கால்மேல் கால் போடாமல், கை நெஞ்சு உயரத்தில் தாங்கியிருக்க வேண்டும். இறுக்கமான ரவிக்கைக் கையை மேலே சுருட்டி அதன் கீழே பட்டை கட்டினால் அளவு தவறும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பாருங்கள்.

180/110 அல்லது அதற்கு மேல் இருந்தால் அன்று பயிற்சி கூடாது, அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். 160/100ஐத் தாண்டியிருந்தால் மெதுவான நடை மட்டும், மாத்திரை அளவைப் பற்றி அந்த வாரத்துக்குள் மருத்துவரிடம் பேச வேண்டும். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, புதிதாக வந்த இருமல் இருக்கும் நாட்களில் ஓய்வு. இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் காசநோய்ப் பரிசோதனை கட்டாயம். ரத்தசோகை இருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும்; இல்லையென்றால் நாலு எட்டு வைத்ததும் மூச்சு வாங்கி, பயிற்சியின் மேலேயே வெறுப்பு வந்துவிடும்.

மாத்திரைகளைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. பெரிய உதவி. ஆனால் மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலர் அதே ஊர்க்காரர், அவரிடம் எச்.ஐ.வி. பற்றி இந்தப் பெண் சொல்லியிருக்க மாட்டார். ஏ.ஆர்.டி. மையத்துக்கோ பிரஷர் மாத்திரையின் பெயர் தெரியாது. இரண்டு மருந்துகளும் ஒரே உடம்புக்குள் போகின்றன, எழுதிக்கொடுத்தவர்கள் ஒருவரையொருவர் அறியவில்லை. இதைத் தீர்க்க வழி இருக்கிறது: பிரஷர் மாத்திரை அட்டை, சர்க்கரை மாத்திரை அட்டை, கடையில் வாங்கிய சத்து மாத்திரை எல்லாவற்றையும் ஏ.ஆர்.டி. மையத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். அங்கே மறைக்க வேண்டியது ஒன்றும் இல்லை, பார்த்துச் சொல்ல மருத்துவரும் இருக்கிறார்.

எதற்காகப் பார்க்க வேண்டும் என்றால், ரிட்டோனாவிர் சேர்ந்த இரண்டாம் நிலை மருந்து சாப்பிடுபவருக்கு அம்லோடிபின் ரத்தத்தில் கூடுதலாகத் தங்கி, கிறுகிறுப்பும் கால் வீக்கமும் வரலாம். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளை வெறும் வயிற்றில் டோலுடெக்ராவிரோடு சேர்த்து விழுங்கினால் அதன் வீரியம் குறைந்துவிடும். டோலுடெக்ராவிரை இரண்டு மணி நேரம் முன்னால் அல்லது ஆறு மணி நேரம் கழித்துச் சாப்பிட வேண்டும். அட்டனோலால், மெட்டோபுரோலால் சாப்பிடுபவருக்கு எவ்வளவு வேகமாக நடந்தாலும் நாடித்துடிப்பு அவ்வளவாக ஏறாது, எனவே நாடியைப் பிடித்து வேகத்தை அளக்க முடியாது. அம்லோடிபினால் கணுக்கால் வீங்குவதை 'நடந்ததால் வந்தது' என்று நினைத்து நிறுத்துபவர்கள் உண்டு. சர்க்கரைக்கு கிளிமெபிரைடு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் வெறும் வயிற்றில் நடக்கக் கூடாது.

கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை தனக்குத் தேவையா என்றும் அவர் மருத்துவரிடம் கேட்கட்டும். இந்தியா உட்பட 12 நாடுகளில் எச்.ஐ.வி. உள்ள 7,000க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்து, 2023இல் வெளியான ரிப்ரீவ் ஆய்வில், பிடாவாஸ்டாட்டின் சாப்பிட்டவர்களிடம் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. நடை இருக்கும்போது மாத்திரை எதற்கு என்று ஒன்றை ஒன்றுக்கு எதிராக நிறுத்த வேண்டாம்.

அடுத்தது கால் எரிச்சல். ஸ்டாவுடின் சாப்பிட்ட பலருக்குப் பாதத்தில் எரிச்சலும் மதமதப்பும் மிஞ்சியிருக்கிறது. உணர்ச்சி குறைந்த பாதத்தில் முள் குத்தினாலும் தெரியாது. பின்பட்டை வைத்த மெத்தென்ற செருப்பு வேண்டும். ரப்பர் செருப்பு வழுக்கும், நழுவும். நடந்து வந்ததும் உள்ளங்காலை ஒரு கண்ணாடியில் பார்ப்பதைப் பழக்கமாக்குங்கள்.

என்ன செய்ய வேண்டும்

வாரத்துக்கு 150 நிமிடம் என்பது இலக்கு. அதை முதல் நாளே சொன்னால் மலைத்துப்போவார். பத்து நிமிடத்துக்குக் குறையாமல் தொடர்ந்து நடந்தால்தான் கணக்கு என்று முன்பு சொல்லிவந்தார்கள். 2020 வழிகாட்டுதலில் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். எவ்வளவு சிறிதாக இருந்தாலும் சேரும். ஐந்து நிமிடத்தில் தொடங்கி, வாரத்துக்கு இரண்டு மூன்று நிமிடம் கூட்டிக்கொண்டு போனால் போதும். மகளிருக்கான கட்டணமில்லாப் பேருந்தில் போகிறவர் ஒரு நிறுத்தம் முன்னதாக இறங்கி நடக்கலாம். டிக்கெட் காசு வீண் என்ற கவலையும் இல்லை.

வேகத்துக்கு அளவுகோல் பேச்சு. நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது. பேச்சே திணறினால் வேகம் அதிகம். முதல் சில நிமிடமும் கடைசிச் சில நிமிடமும் மெதுவாக நடக்க வேண்டும். பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர் சட்டென்று நின்றால் ரத்தம் காலில் தங்கித் தலைசுற்றும்.

அறுபதைத் தாண்டியவர்களுக்கு நடையைவிடவும் பலப்பயிற்சி முக்கியம் என்று சொல்வேன். டெனோபோவிர் எலும்பின் அடர்த்தியைக் குறைக்கிறது, மாதவிடாய் நின்றதும் குறைக்கிறது. விழுந்தால் இடுப்பெலும்பு உடையும் ஆபத்து கூடுகிறது. விழாமல் காப்பது தொடைத் தசையும் கால் ஊன்றி நிற்கும் திறனும்தான்.

சுவரை ஒட்டிப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை நெஞ்சில் மடித்து, எழுந்து நின்று, மெதுவாக மீண்டும் உட்கார வேண்டும். டைல்ஸ் தரையில் பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கிக்கொண்டு போகும் என்பதால் சுவர் ஆதரவு கட்டாயம். திண்ணை இருந்தால் இன்னும் நல்லது. முதலில் ஐந்து முறை, போகப்போகப் பத்து, பிறகு ஓய்வெடுத்து இன்னொரு பத்து. முழங்கால் வலிப்பவர் நாற்காலிமேல் தலையணை போட்டு உயரத்தைக் கூட்டிக்கொள்ளலாம். அடுத்து, ஜன்னல் விளிம்பையோ அடுப்படி மேடையையோ பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி நுனிக்காலில் நின்று இறங்குவது. அதே இடத்தில் ஒரு பாதத்தின் நேர் முன்னால் மறு பாதத்தை வைத்துப் பத்து எண்ணும்வரை நிற்பது. சுவரில் இரு உள்ளங்கைகளையும் ஊன்றி, முழங்கையை மடக்கிச் சுவரருகே சாய்ந்து, தள்ளி நிமிர்வது. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்கள் இரண்டு ஒவ்வொரு கைக்கும் ஒரு கிலோ. தோள் உயரம்வரை தூக்கி இறக்கலாம். இவற்றை வாரத்தில் மூன்று நாள் செய்தால் போதும்.

இவற்றில் ஒரே ஒரு விதியை விடக் கூடாது: மூச்சை அடக்கக் கூடாது. மூச்சைப் பிடித்துக்கொண்டு பலம் கொடுத்தால் பிரஷர் அந்தக் கணத்தில் எகிறும். "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று வாய்விட்டு எண்ணச் சொல்லுங்கள். எண்ணுகிறவரால் மூச்சை அடக்க முடியாது. யோகா செய்பவர்களைத் தடுக்க வேண்டாம். பிரஷர் உள்ளவர்கள் தலைகீழாக நிற்கும் ஆசனங்களையும் மூச்சை வேகமாகத் தள்ளுவதையும் அடக்குவதையும் தவிர்க்க வேண்டும், அவ்வளவுதான்.

கும்மியை நாம் ஏன் மறந்தோம் என்று தெரியவில்லை. இந்த வயதுப் பெண்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாத பயிற்சி அது. குனிந்து நிமிர்ந்து, கைதட்டி, வட்டமாகச் சுற்றிவர, கால், இடுப்பு, தோள் எல்லாம் வேலை செய்கின்றன. கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேச்சுகளைக் குறைத்துவிட்டுக் கதவைச் சாத்திப் பதினைந்து நிமிடம் கும்மியடிக்கவிடுங்கள். அதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். குனிந்து எழும்போது தலைசுற்றுகிறவர்கள் நிமிர்ந்தபடியே கைதட்டிச் சுற்றட்டும்.

எப்போது நிறுத்த வேண்டும்

நெஞ்சில் அழுத்தம், இடது கையிலோ தாடையிலோ பரவும் வலி, ஓய்வெடுத்தும் அடங்காத மூச்சிரைப்பு, கண் இருட்டுவது ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் உட்கார்ந்துவிட வேண்டும், பத்து நிமிடம்கூடக் காத்திருக்காமல் 108ஐ அழைக்க வேண்டும். வாய் கோணுவது, பேச்சுக் குழறுவது, ஒரு பக்கக் கை கால் தொய்வது பக்கவாதத்தின் அறிகுறிகள்; அப்போதும் 108தான். பெண்களுக்கு மாரடைப்பு நெஞ்சுவலி இல்லாமல், வெறும் அசதியாகவும் குமட்டலாகவும்கூட வரும். "கேஸ்" என்று ஓமத் தண்ணீர் குடித்துப் படுத்துவிடாதிருக்கச் சொல்லுங்கள்.

முதல் வாரம் தொடை வலிப்பது இயல்பு. இரண்டு மூன்று நாளில் போய்விடும். மூட்டு வீங்கினால் அது வேறு, காட்ட வேண்டும்.

தொடர்ந்து நடக்க

தனியாகத் தொடங்கியவர்களைவிடத் துணையோடு தொடங்கியவர்களே நிலைக்கிறார்கள். அந்தத் துணைக்கு எச்.ஐ.வி. இருக்க வேண்டும் என்பதில்லை. பிரஷர், சர்க்கரை உள்ளவர்கள் கலந்து நடக்கும் குழுதான் எனக்குப் பிடித்தது, யாருக்கு என்ன என்று யாரும் கேட்பதில்லை. வியர்வையாலோ கைகோத்து நடப்பதாலோ ஒரே பாட்டிலில் தண்ணீர் குடிப்பதாலோ தொற்று பரவாது என்பது அந்தப் பெண்ணுக்குத் தெரியும். தெரிந்தும் ஒதுங்கி நிற்பார். மற்றவருக்கு நம்மால் ஏதாவது வந்துவிடுமோ என்ற அந்தப் பழைய கூச்சம் கரைய மாதங்கள் ஆகலாம். அவசரப்படுத்தாதீர்கள். நெருங்கியவர் வேண்டும் என்பவருக்குப் பாசிட்டிவ் பெண்கள் கூட்டமைப்பு இருக்கிறது. 1998இல் தமிழ்நாட்டுப் பெண்கள் தொடங்கிய இயக்கம் அது. ஒருவரையொருவர் தாங்கிப் பழகியவர்கள்.

மழை, தீபாவளி, மகள் பிரசவம், ஒரு சாவு என்று நடை நிற்கும். நின்றதற்காகக் கடிந்துகொள்ளாதீர்கள், மீண்டும் ஐந்து நிமிடத்தில் தொடங்கவையுங்கள். நோட்டுப் புத்தகத்தில் நடந்த நாளுக்கு ஒரு கோடு, பிரஷர் பார்த்த நாளில் அந்த எண். எழுதத் தெரியாதவர் காலண்டரில் பொட்டு வைக்கட்டும். எண் இறங்கியதைப் பார்த்ததும் சிலர் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். மருத்துவர் குறைக்கச் சொல்லாமல் பிரஷர் மாத்திரையைக் குறைக்கவே கூடாது, கூட்டு மருந்தை ஒரு நாளும் விடக் கூடாது. இதை ஒவ்வொரு சந்திப்பிலும் திருப்பிச் சொல்லுங்கள்.

கடைசியாக, மையங்களை நடத்துபவர்களிடம் ஒரு வேண்டுகோள். மாத்திரை வாங்க வரும் ஐம்பது வயதைத் தாண்டிய ஒவ்வொரு பெண்ணுக்கும், உட்காரவைத்து பிரஷர் பார்த்து, "இந்த மாதம் நடந்தீங்களாம்மா?" என்று கேட்க ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். அதற்கு வேண்டியது ஒரு பி.பி. மெஷின், கை வைத்த ஒரு நாற்காலி, ஒரு திரை. இவை இல்லாத மையம் ஒன்றுகூட இருக்கக் கூடாது.